சாம்பிள் சைசு

புதுசுங்களா? பாத்தாலே தெரியுது. வாங்க, இப்படி வந்து உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல. பாப்பாவோட விழுந்து வெச்சீங்கன்னா அப்புறம் போட்டோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க என்ற பக்கத்துல உக்காருங்க. காத்தாலயே வரச் சொல்லியிருப்பாங்களே? சொல்லுவாங்க. போட்டோ எடுக்கற பிரின்ஸ் தம்பி வந்து, லைட்டெல்லாம் கட்டி, பின்னாடி துணி தொங்கவிட்டு முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். இந்த ஸ்டுடியோவுல உக்காந்து உக்காந்து, எந்த மூலையில காத்து வரும், எந்த மூலையில வராதுன்னு எனக்கு மனப்பாடமே ஆயிப்போச்சுங்க.

பாப்பாவுக்கு என்ன வயசு? அஞ்சா? நடக்குதா, முடிஞ்சுதா? ம். பேரு? மகிழினி. நல்ல பேரு. இங்க வா சாமி, பயப்படாத. திரும்பு. இக்கட்டத் திரும்பு. கன்னம் நல்லா இருக்குது. நெறமும் பரவால்ல. நெறம் பெரிய விசயமில்லீங்க, லைட்டு போட்டா எல்லாரும் ஒரே நெறந்தான். சைசுதான் விசயம். அதை உங்களுக்கு ஆரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எனக்கும் ஆரும் சொல்லல. ஒவ்வொண்ணா அடிபட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஜன்னலோரமா நிக்குது பாருங்க, பச்சை ரிப்பன், அதுதான் என்ற பொண்ணு. சஷ்மிதா. சஷ்மின்னா இங்க திருப்பூர்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஜவுளிக்கடையில மஞ்சக் கவுன் போட்டுக்கிட்டு பலூன் புடிச்சமாதிரி ஒரு அட்டை தொங்குமே, பாத்திருப்பீங்களே? அது அவதான். அப்புறம் ஒரு நைட் டிரஸ் டப்பா, கரடி பொம்மையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. அதுவும் அவதான். என்ன வயசு இருக்கும், சொல்லுங்க பாப்போம்?

பாத்தீங்களா. எல்லாரும் அஞ்சுன்னுதான் சொல்லுவாங்க. மூணாவது படிக்கறாளுங்க. ஆமாங்க, நெசமாத்தான். எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? எங்க பொறந்த ஊட்டுப் பக்கம் எல்லாமே சின்ன உடம்புங்க. அவங்கப்பா நல்ல வளத்தி, நிலைப்படி இடிக்கும். ஆனா அவ என்னைக் கொண்டு பொறந்துட்டா. அதுதான் அவளோட அதிர்ஷ்டமே.

இதைக் கேட்டுக்கங்க, உங்களுக்கு உதவும். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்க புது டிசைன் போட்டாங்கன்னா எல்லா சைசுலயும் தெச்சுப் பாக்க மாட்டாங்க. சாம்பிள்னு ஒரே ஒரு பீசு தெப்பாங்க. குழந்தைக் கவுனுன்னா அஞ்சு ஆறு வயசு சைசு. அதை ஒரு புள்ளைக்குப் போட்டு, போட்டோ எடுத்து, வெளிநாட்டுல துணி வாங்கறவரு, பையருன்னுவாங்க, அவருக்கு அனுப்புவாங்க. அவரு பாத்து சரின்னாத்தான் மத்த சைசெல்லாம் மிசினுக்கே போகும். அப்ப அந்த ஒரு பீசு எந்தப் புள்ளைக்குச் சேருதோ, அந்தப் புள்ளதான் மாடல். அழகு, சிரிப்பு, பேச்சு எல்லாம் அதுக்கப்புறந்தான். கவுன் கொஞ்சம் பெருசா இருந்தா வெசனமில்ல. முதுகுப்பக்கம் கிளிப்பு போட்டு இழுத்துப் புடிச்சுருவாங்க. முன்னாடி பாத்தா அளவெடுத்துத் தெச்சமாதிரி இருக்கும். புள்ள பெருசாயிருச்சுன்னாத்தான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.

நாங்க இதுக்குள்ள வந்ததே ஒரு கூத்து. நான் ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். துணியில ஓட்டை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாக்கற வேலை. பாத்துப் பாத்துக் கண்ணே மங்கிப்போச்சு. ஒரு லீவு நாளு, ஊட்டுல ஆளில்லன்னு இவளையும் கூட்டிட்டுப் போயிட்டேன். அன்னிக்குப் பாத்து போட்டோவுக்குன்னு கோயமுத்தூர்லருந்து வந்த புள்ளைக்கு வாந்தி. நிக்கவே முடியல. பையருக்கு அன்னிக்கே அனுப்பியாகணும். சூப்பர்வைசர் அங்கயும் இங்கயும் ஓடறாரு. துணிக்கட்டு மேல உக்காந்து இவ காலை ஆட்டிக்கிட்டிருந்தா. அப்பிடியே தூக்கிட்டுப் போயி மாட்டி உட்டுட்டாங்க. அப்ப இவளுக்கு அந்தக் கவுனு தொளதொளன்னு இருந்துது. முதுகெல்லாம் கிளிப்பு. கிளிப்பு பட்டுக் கூச்சமாகி இவ சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. பிரின்ஸ் தம்பி இன்னிக்கும் சொல்லுவாரு, ‘அக்கா, அந்தச் சிரிப்பு மறுக்கா எனக்குச் சிக்கவே இல்ல’ன்னு.

அதனால என்னங்க, இப்ப நான் பழக்கி வெச்சிருக்கறேன். ‘பல்லு’ன்னா பல்லுத் தெரியச் சிரிப்பா. ‘லேசு’ன்னா லேசாச் சிரிப்பா. எத்தனை நேரம் வேணும்னாலும் அப்படியே நிப்பா. உங்க பாப்பாவுக்கும் பழக்கிருங்க. கண்ணாடி முன்னால நிக்க வெச்சு தெனமும் கொஞ்ச நேரம். மொதல்ல அழுவும். உட்டுராதீங்க.

காத்தால என்ன குடுத்தீங்க? பாலா? ஐயோ. போட்டோ அன்னிக்குப் பால் ஆகாதுங்க, வயிறு முன்னால தள்ளிக்கும். தோசை வேற குடுத்தீங்களா? எத்தனை? சரி, உடுங்க, ஆனது ஆச்சு. இனிமே தெரிஞ்சுக்கங்க. சஷ்மிக்குக் காத்தால ஒரு இட்லி. அதுலயும் பாதிய வெச்சுருவா. பட்டினி போடறேன்னு நெனச்சுக்காதீங்க. பெத்தவ பட்டினி போடுவாளா? அளவாக் குடுக்கறது, அவ்வளவுதான். இப்ப எல்லா டாக்டருமே அளவாத்தான் உண்ணச் சொல்றாங்க, டீவியப் போட்டா அதேதான் பேச்சு. அவளும் பழகிக்கிட்டா. தட்டை அவளே நகத்தி வெச்சுருவா. கேட்டா, ‘போதும்மா, பொத்தான் போடணுமில்ல’ம்பா. அத்தனை பொறுப்புங்க. பெரியவங்களுக்குக்கூட வராது.

ஐயோ பாப்பா, வேண்டாம் சாமி. அக்காவுக்கு பிஸ்கட்டு வேண்டாம். நீ தின்னு. இல்லீங்க, பரவாலீங்க, அவ ஒண்ணும் கேக்கல, சும்மா பாக்கறா. சஷ்மி, அக்கட்டத் திரும்பி நில்லு. கீழ பஸ்ஸு போறதைப் பாரு. நல்ல புள்ள.

இப்படித்தாங்க, சுத்தி இருக்கறவங்கதான் நமக்கு எதிரி. என்ற ஊட்டுக்காரரு இருக்கறாரே, நிட்டிங் கம்பெனியில மிசினு ஓட்டறாரு. நல்ல மனுசன். குடி கிடி எதுவும் இல்ல. ஆனா திருட்டுத்தனம். சட்டைப் பாக்கெட்டுல பன்னு வெச்சுக்கிட்டு வருவாரு. மாடிப்படிக்குக் கீழ நின்னுக்கிட்டு அப்பனும் மவளும் திங்கறது. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நான் அவ வெரலை மோந்து பாத்தே கண்டுபுடிச்சுருவேன். ஒரு நாளு கேட்டுப்போட்டேன். நான் ஒருத்தி இந்தப் பாடு படறேன், வேலையையும் உட்டுட்டு இவ பின்னாடியே அலையறேன், நீங்க இப்படிக் கெடுக்கறீங்களேன்னு. அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுங்களா? ‘ஊரெல்லாம் புள்ளைக்குத் தகுந்தமாதிரி துணி தெக்கறாங்க. நீதான் துணிக்குத் தகுந்தமாதிரி புள்ளையத் தெக்கற’ன்னாரு. வாயே தொறக்காத மனுசன். அன்னிக்குப் பூரா நான் அழுதேன். ஆருக்காகப் பண்றேன்? எனக்கா? என்னைய வாழ்க்கையில ஆரும் ஒழுங்கா ஒரு போட்டோ எடுத்ததில்லீங்க. கல்யாண ஆல்பத்துலகூட நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கறேன். இவளாவது நாலு பேரு பாக்கற மாதிரி இருக்கட்டும்னு ஒரு ஆசை. அது தப்பா?

பள்ளிக்கூடத்துலயும் இதே ரோதனைதான். டீச்சர் கூப்புட்டு உட்டாங்க. பக்கத்துப் புள்ளையோட டிபன் டப்பாவுல கை வெக்கறாளாம். எனக்கு மானமே போச்சுங்க. அப்படியா நான் வளத்தறேன்? ஊட்டுக்கு வந்து நல்லாக் கேட்டேன் அவளை. அப்புறம் அந்த டீச்சர் வேற என்னமோ சொன்னாங்க, பிரேயர்ல தலை சுத்தி உக்காந்துட்டாளாம், ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு. வெயில்ல நிக்க வெச்சா ஆருக்குத்தான் தலை சுத்தாது? அந்தம்மா நெழல்ல நின்னுக்கிட்டிருந்திருக்கும். தலை சுத்தாது.

இதெல்லாங்கூடப் பரவாலீங்க. போன கோடையில எனக்கு நடந்தது இருக்குதே, அது ஆருக்கும் நடக்கக் கூடாது.

எனக்குப் பித்தப்பையில கல்லு. திடீர்னு ஆபரேசன் பண்ணணும்னுட்டாங்க. அவரும் என்னோட ஆஸ்பத்திரியில இருந்தாகணும், புள்ளைய எங்க உடறது? அவரோட அக்கா தாராபுரத்துல இருக்கறாங்க. செல்வநாயகின்னு பேரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட இட்லிக்கடை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல யாவாரம். பெரிய லீவுதானே, கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும்னு இவரு கொண்டுபோயி உட்டுட்டு வந்துட்டாரு. நான் அத்தனை வலியிலயும் சொல்லித்தான் உட்டேன். அளவாக் குடுங்க அண்ணி, ஜூன்ல ஷூட்டிங் இருக்குதுன்னு. ‘நீ உன்ற உடம்பைப் பாரு கண்ணு, புள்ளைய நாம் பாத்துக்கறேன்’னாங்க. பாத்துக்கறேன்னா இப்படியா பாத்துக்குவாங்கன்னு நான் கண்டனா?

போன்ல பேசறப்பெல்லாம் இவ வாயில என்னமோ மென்னுக்கிட்டேதான் பேசுவா. ‘என்ன சாமி திங்கற?’ன்னா ‘பணியாரம்மா’ம்பா. அடுத்த நாள் கேட்டா வடை. அதுக்கடுத்த நாள் கேட்டா, ‘அத்தை நெய் ரோஸ்டு சுட்டுச்சும்மா, கூம்பு மாதிரி’ம்பா. நான் கட்டில்ல கெடக்கறேன். வயித்துல தையல். சத்தம் போட்டுப் பேசவும் முடியல. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் இவதான் தண்ணி வெக்கறதாம். அவங்களும் ஆளாளுக்கு ஊட்டி உடறதாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. எனக்கு இங்க சலைன் ஏறிக்கிட்டிருக்குது, கண்ணுல தண்ணி எறங்கிக்கிட்டிருக்குது.

லீவு முடிஞ்சு கூட்டிட்டு வந்தாங்க. நம்ம பஸ் ஸ்டாண்டுல எறங்கறா. அடையாளமே தெரியலீங்க எனக்கு. கன்னம் ரெண்டும் உப்பி, கையில காலுல சதை வெச்சு, ஆரோ ஊட்டுப் புள்ளையாட்டம். தூரத்துலயே என்னையப் பாத்துட்டு ஓடி வந்து மேல உழுந்தா. கனமா இருந்தா. தையல் போட்ட எடத்துல சுள்ளுன்னுது. என்னென்னமோ பேசறா, ஒரு நாய்க்குட்டியாம், அதுக்கு அவளே பேரு வெச்சாளாம். எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. அவ இடுப்பைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அங்கயே திண்டு மேல உக்காந்து அழுதுட்டேன். அண்ணி என்ன நெனச்சுக்கிட்டாங்கன்னா, புள்ள தேறி வந்துட்டாளேன்னு சந்தோசத்துல அழுவறேன்னு. முதுகைத் தடவிக் குடுத்து, ‘அழுவாத கண்ணு, இன்னும் ஒரு மாசம் உட்டு வெச்சீன்னா இன்னுந் தேத்திருவேன்’ங்கறாங்க.

கேட்டுட்டேன். அத்தனை கூட்டத்துலயும் கேட்டுட்டேன். ‘என்ற புள்ளையக் கெடுத்துட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?’ன்னு. அவங்க மொகம் அப்படியே செத்துப்போச்சு. கொண்டாந்திருந்த முறுக்கு டப்பாவைக் கீழ வெச்சுட்டு, அதே பஸ்ஸுல ஏறிப் போயிட்டாங்க. அன்னிலருந்து பேச்சில்ல. தீவாளிக்கு வரல, பொங்கலுக்கு வரல. இவரும் என்னோட சரியாப் பேசறதில்ல. நான் என்ன தப்பாக் கேட்டேன், நீங்களே சொல்லுங்க? எதுக்குப் பாப்பாவை இழுத்து மடியில வெச்சுக்கறீங்க? உங்களுக்கு இன்னும் இதெல்லாம் பழகல.

ஜூன்ல ஷூட்டிங்கு. ஸ்வெட்டரு. தலை நொழைஞ்சுது, கை நொழையல. இழுத்ததுல காதுகிட்டச் செவந்தே போச்சு. பல்லடத்துப் புள்ள ஒண்ணு வந்திருந்துது, அதுக்குப் போட்டு எடுத்துக்கிட்டாங்க. அத்தோட போச்சுங்க. மாசக் கணக்கா ஒரு போன் இல்ல. போனைத் தலமாட்டுலயே வெச்சுக்கிட்டுப் படுப்பேன். ரீசார்ஜ் தீந்துருச்சோன்னு பாப்பேன். இருக்கும்.

அப்புறம் அவளைப் பழைய அளவுக்குக் கொண்டார நாங்க பட்ட பாடு. ஒரு வாட்டி திங்கப் பழகின வாயி, அடங்குமா? கேட்டு அழுவா. நான் குடுக்காம அழுவேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்குவோம். ஞாயித்துக்கிழமையானா இஞ்ச் டேப்பை எடுத்து அளப்பேன். இடுப்பு கொறைஞ்சிருந்தா ரெண்டு பேரும் கை தட்டிக்குவோம். அப்பெல்லாம் எங்களைப் பாத்திருக்கணும் நீங்க, அத்தனை ஒத்துமை. ஒசரத்தைத்தான் ஒண்ணும் பண்ண முடியல. படுக்கறப்பக் காலை மடக்கிப் படு சாமின்னு சொல்லி வெச்சிருக்கறேன். அதுல ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கே தெரியும். ஆனாலும் ஒரு மனசு.

முந்தாநாள்தான் ஷோபிகா போன் பண்ணுச்சு. கம்பெனில மெர்ச்சண்டைசர் அந்தப் புள்ள, பையரோட பேசறதெல்லாம் அதுதான். ‘அக்கா, பழைய பையரேதான், வருசம் பூரா ஆர்டர் வரும். சைசு சேந்தா சஷ்மிதான். சேரலைன்னா இனிமேப்பட்டு நான் கூப்புட மாட்டேன், அலையாதீங்க’ன்னு. முகத்துல அடிச்சமாதிரி சொன்னாலும் நல்ல புள்ள. அதனால இன்னிக்குத்தாங்க எல்லாம். இன்னிக்குச் சேந்துச்சுன்னா தப்பிச்சோம். இல்லீன்னா இத்தோட சரி.

உங்களை எதுக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னும் எனக்குத் தெரியும். சஷ்மிக்குச் சேராட்டி உங்க பாப்பாவுக்குப் போடறதுக்கு. இல்லீங்க, அதுக்கெதுக்குச் சங்கடப்படறீங்க? அதுக்காக நான் உங்களை வெறுப்பனா? பாப்பா, இங்க வா, தலை கலைஞ்சிருக்குது, அத்தை சீவி உடறேன். வகிடு நேரா எடுக்கணுங்க, கோணலா இருந்தா போட்டோவுல நல்லாத் தெரியும்.

கூப்புடறாங்க. சஷ்மி! வா சாமி. இங்க வா, மூக்கைத் துடை. உள்ள போனதும் மூச்சை இழுத்துப் புடிச்சுக்க. பொத்தான் போட்ட பொறவு மெதுவா உடு. ‘லேசு’ன்னு சொன்னா லேசு மட்டும். போ. ஷோபிகா அக்கா கையப் புடிச்சுக்கிட்டுப் போ.

நான் போக மாட்டனுங்க. அம்மாங்க உள்ள இருந்தா புள்ளைங்க கண்ணு நம்ம மேலயே இருக்குதாம், படம் கெட்டுப்போகுதாம்.

நேரம் ஆவுதே. ஆனா நல்லதுதாங்க. சேரலைன்னா உடனே வெளிய வந்திருப்பா. லைட்டு பாத்துக்கிட்டிருப்பாங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க ஆரோ நான் ஆரோ, சில நாளைக்கு எனக்கே போதும்னு இருக்குதுங்க. காத்தால எந்திரிக்கறப்பவே அலுப்பா இருக்கும். அடுப்புல எதை வெச்சாலும் அவ வந்து எட்டிப் பாக்கறாளான்னு ஒரு காது அங்கயே இருக்கும். தாளிக்கறதுகூட இல்லீங்க இப்பெல்லாம், வாசம் வந்தா கேப்பான்னு. நானும் அவளோட சேந்து அரை வயித்துக்குத்தான் உண்ணுறேன். அவ பாக்க நான் எப்படி உண்ணுறது? என்னையப் பாருங்க, ஆபரேசனுக்கப்புறம் கழுத்தெலும்பு தெரியுது.

கதவு தொறக்குது. என்ன ஷோபிகா கண்ணு? ஏறலயா? இடுப்பா? இடுப்பு இல்லியா? தோளா? ... தோளு எலும்பு கண்ணு. எலும்பை நான் என்ன பண்ணுவேன்? எண்ணெய் தடவி மெதுவாப் போட்டுப் பாத்தீங்களா? துணியில கறை புடிச்சுக்குமா? சரி. சரி கண்ணு, உன்னையச் சொல்லி என்ன ஆவுது. நீ போ, பிரின்ஸ் தம்பியக் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு.

வந்துட்டியா சாமி. பரவால்ல. உக்காரு.

என்ன? என்ன சொன்ன?

கேட்டீங்களா அவ என்ன சொல்றான்னு? ‘நான் வளந்துட்டேனாம்மா’ங்கறா. அதுல ஒரு சிரிப்பு வேற. என்ன? சத்தமாச் சொல்லாத, மெதுவாப் பேசு. ‘அப்ப இனிமே சாப்புடலாமா’வா? ஏஞ்சாமி, அம்மா உனக்குச் சோறே போடாதமாதிரி கேக்கற? கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? அந்தம்மா நம்மளையே பாக்கறாங்க பாரு.

இல்லீங்க, வேண்டாங்க. அது உங்க பாப்பாவுக்குக் கொண்டாந்தது. எலுமிச்சஞ் சோறா? ... சரி, குடுங்க. வாங்கிக்க சாமி. இனி என்ன, வாங்கிக்க. ஸ்பூன்ல தின்னு. மெதுவா. ஆரும் புடுங்கிக்க மாட்டாங்க, மெதுவா. கீழ சிந்துனதை எடுக்காத. எடுக்காதன்னு சொல்றேனில்ல.

இத்தனை பசியாவா இருந்துது உனக்கு? எங்கிட்டச் சொல்றதுக்கென்ன, வாயில்லையா?

எனக்கு ஒண்ணுமில்லீங்க. கண்ணுல தூசி. நெசமாச் சொல்லட்டுங்களா, ஒரு வகையில நிம்மதியாத்தான் இருக்குது. தலைச்சுமைய எறக்கி வெச்சமாதிரி. போவுது போங்க. படிக்கற புள்ள, படிக்கட்டும். ஊட்டுக்குப் போயி இன்னிக்கு நல்லாத் தாளிச்சு ஒரு பருப்புக் கொழம்பு வெக்கறேன். அவருக்கும் புடிக்கும். அண்ணிக்குக்கூட ஒரு போன் போடலாம். எடுப்பாங்களோ, மாட்டாங்களோ. எடுத்தா, புள்ள கையில குடுத்தர்றேன், அவ பேசிக்குவா.

மகிழினின்னு கூப்புடறாங்க பாருங்க. உங்க பாப்பாவத்தான். எந்திரிங்க. கவுன் அவளுக்கு அளவாத்தான் இருக்கும், நான் பாத்தவொடனே கண்டுக்கிட்டேன். போங்க, அவங்க காத்துக்கிட்டிருக்காங்க. ஏனுங்க, பையெல்லாம் எதுக்கு எடுக்கறீங்க? அது இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். பாப்பாவை எதுக்குத் தூக்கறீங்க, நடந்து போவட்டும். ஏனுங்க, ஸ்டுடியோ இந்தப் பக்கம். அது படிக்கட்டுங்க. ஏனுங்க! எங்க போறீங்க? உங்களைத்தாங்க! சோத்து டப்பாவை உட்டுட்டுப் போறீங்களே!

போயிட்டாங்க.

ஷோபிகா கண்ணு, அந்தம்மா போயிட்டாங்களே. நான் ஒண்ணும் சொல்லல, நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தோம். பயந்துட்டாங்க போல, புதுசில்ல? மொத வாட்டின்னா அப்படித்தான் இருக்கும். இப்ப ஆருக்குப் போடுவீங்க? வேற புள்ள இல்லியா? இன்னிக்குப் பொழுதுக்குள்ள அனுப்பியாகணுமா?

கொஞ்சம் இரு. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. முன்னாடி பாத்துத்தானே படம் எடுப்பீங்க? முதுகுல ஆரு பாக்கப் போறா? பின்னாடி நடுத்தையல்ல கத்திரி போட்டு மேலருந்து கொஞ்சம் பிரிச்சு உட்டா, தோளு தானா எறங்கிக்கும். நான் செக்கிங்ல இருந்தவ கண்ணு, அப்புறம் நானே தெச்சுக் குடுத்தர்றேன், ஒரு ஆளு கண்டுபுடிக்க முடியாது. பிரின்ஸ் தம்பிய ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. போ, போ கண்ணு.

சஷ்மி. போதும் சாமி. டப்பாவைக் கீழ வெய்யி. வாயைத் துடைச்சுக்கிட்டு எந்திரி.